உடைந்த ஜன்னலுக்கு அடுத்த இரவு

கல்லெறியிலோ திருட்டு முயற்சியிலோ புயற்காற்றிலோ ஜன்னலும் கதவும் உடைந்துபோன கட்டடத்தை, நிரந்தரப் பழுதுபார்ப்பு நடக்கும்வரை பலகையோ தகடோ கொண்டு மூடிவைப்பதே அவசர அடைப்பு. இது தற்காலிக வேலை. ஆனால், அடுத்து வரும் சேதத்தின் அளவு பெரும்பாலும் இந்த வேலையைப் பொறுத்தே அமைகிறது. உடைந்த கண்ணாடிக்கு ஆகும் செலவு ஒரு முறைதான். திறந்து கிடக்கும் அந்த வழியாக இரவில் நுழையும் திருடனும், மழையும், எரியும் சிகரெட் துண்டும் ஏற்படுத்தும் இழப்புக்கு வரம்பே கிடையாது.

உடைந்த அன்றே புதுக் கண்ணாடி பொருத்திவிட முடியாதா என்ற கேள்வி எழும். சாதாரணக் கண்ணாடி என்றால் கடையில் வெட்டி வாங்கிவரலாம். இன்று கடை முகப்பிலும் அலுவலகக் கதவிலும் இருப்பது டஃபன்ட் கண்ணாடி. இதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்குகிறார்கள். அப்படி உறுதியான பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் முழுப் பலகமும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். ஆகவே அளவெடுத்து, முதலில் வெட்டி, துளை போட்டு, அதன் பிறகே உலைக்கு அனுப்ப வேண்டும். இதற்குப் பல நாட்கள் பிடிக்கும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கடைகள் உடைந்திருந்தால் வாரங்களும் ஆகலாம். அந்த இடைவெளிக்குத்தான் பலகை தேவைப்படுகிறது.

பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையில், ஆனேக்கல் தாலுகாவில் இருக்கும் பொம்மசந்திரா இந்தப் பிரச்சினையைப் பார்க்கத் தகுந்த இடம். கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய தொழிற்பேட்டை, மருந்து ஆலைகள், நாராயணா மருத்துவமனை வளாகம் என ஒரு பக்கம் பெரிய மதில்கள். இன்னொரு பக்கம் பேக்கரி, மொபைல் கடை, மருந்துக் கடை, வரிசை வரிசையாக வாடகை வீடுகள். ஆர்.வி. சாலையிலிருந்து இங்கே வந்து முடியும் 19 கிலோமீட்டர் மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டிருப்பதால், சாலையோரக் கடைகளின் கண்ணாடி முகப்பு இன்னும் கூடும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. மாநில எல்லையான அத்திப்பள்ளி தொட்டடுத்த தூரம்தான்.

இந்தச் சாலைக்குக் கல்லடி புதிதல்ல. வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு கொண்டுவந்த விதியை எதிர்த்து, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோரிக்கை முழுக்க நியாயமானது. அரசும் 19ஆம் தேதியே விதியைத் திரும்பப் பெற்றது. ஆனால், அதற்குள் போராட்டம் வன்முறையாக மாறி வாகனங்கள் எரிந்தன, பொம்மசந்திராவை ஒட்டியிருக்கும் ஹெப்பகோடியின் காவல் நிலையமே தாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 12, காவிரி நீர் தொடர்பான உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து பெங்களூர் கொந்தளித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் ஒரே பணிமனையில் டஜன் கணக்கில் எரிந்தன. தமிழர் நடத்திய கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. காவிரிப் பிரச்சினையில் தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பரை நேரில் கண்ட தலைமுறைக்கு அது பழைய பயத்தின் மறுவரவு.

ஊரடங்கு நாளில் கடை உடைந்தவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ப்ளைவுட் கடை மூடியிருக்கும். தச்சர் வர முடியாது. சரக்கு ஆட்டோ ஓடாது. எந்த நாளில் பலகை அவசியமோ, அந்த நாளில்தான் பலகை கிடைக்காது. பெரிய ஆலைகளுக்கு மதிலும், காவலாளிகளும், பராமரிப்புப் பிரிவும் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் தவணைக்கு எடுத்த கைபேசிகளை அடுக்கிவைத்திருக்கும் சிறு கடைக்காரருக்கு யாரும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

கலவரம் அபூர்வமாக வருவது. ஆண்டு முழுவதும் அடைப்பு தேவைப்படும் காரணங்கள் வேறு. ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மாலை வேளையில் சூறைக்காற்றோடு வரும் கோடை மழை, அதில் முறிந்து விழும் மரக்கிளை, கட்டுப்பாடிழந்து கடைக்குள் பாயும் லாரி, சமையல் எரிவாயு வெடிப்பு, உள்ளே சிக்கியவரை மீட்கத் தீயணைப்பு வீரர்கள் உடைத்த கதவு, கடப்பாரையால் நெம்பப்பட்ட ஷட்டர். காரணம் எதுவானாலும் செய்ய வேண்டிய வேலையின் வரிசை ஒன்றே.

முதல் வேலை மனிதர்களை வெளியே கொண்டுவருவது. எரிவாயு வாசனை இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தப் பகுதியின் மின் இணைப்பைத் துண்டிப்பது. அடுத்தது புகைப்படம். கூட்டிப் பெருக்கும் முன், கல் விழுந்த இடத்தில் கல் கிடக்கும்போதே, தெருவிலிருந்து ஒரு படம், ஒவ்வொரு திறப்புக்கும் உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்று, சேதமான சரக்குக்குத் தனியே சில. பலர் கடையைக் கழுவித் துடைத்துவிட்டு அதன் பிறகு படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தால் காவல் துறைக்கும் பயனில்லை, காப்பீட்டு நிறுவனத்துக்கும் பயனில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது அடுத்த படி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவு இதில் ஒரு முக்கியமான வசதியைத் தருகிறது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால் போதும். பதிவான தகவலின் நகலை இலவசமாகப் பெறும் உரிமையும் உண்டு. 2016 ஏப்ரலில் ஹெப்பகோடியில் நடந்ததுபோல, புகார் வாங்க வேண்டிய நிலையமே தாக்குதலுக்கு உள்ளாகும் நாளில் இந்தப் பிரிவின் அருமை தெரியும்.

பிறகே கண்ணாடியைக் கையாள வேண்டும். சாதாரணக் கண்ணாடி கத்தி போன்ற நீண்ட சில்லுகளாக உடைகிறது. சட்டத்தின் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு தொங்கும் சில்லுதான் மிகவும் ஆபத்தானது. அதை மேலிருந்து கீழாக, வெளிப்பக்கமாக நின்று அகற்ற வேண்டும். டஃபன்ட் கண்ணாடி உதிரும். ஆனால் சில சமயம் கட்டியாகச் சேர்ந்து விழும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டுப்படலம் வைத்த லாமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே நிற்கும். அதை உடனே பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அதன் மேலேயே பலகை அடிக்கலாம். தடித்த கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். உடைந்த கண்ணாடியைக் குப்பைப் பையில் அப்படியே போடுவது பெரும் பாவம். மறுநாள் காலை அந்தப் பையைத் தூக்கப்போவது வெறுங்கையோடு வரும் பௌரகார்மிகர், அதாவது துப்புரவுத் தொழிலாளர். கண்ணாடியைச் சாக்கிலோ அட்டைப்பெட்டியிலோ தனியாகக் கட்டி, மேலே பெரிதாக எழுதி ஒப்படைக்க வேண்டும்.

பலகை அடிப்பதில் எல்லா ஜன்னலும் ஒன்றல்ல. நம் பக்கத்து வீடுகளில் ஜன்னலுக்கு இரும்பு கிரில் இருக்கிறது. கிரில் அசையாமல் இருந்து கண்ணாடி மட்டும் போயிருந்தால் ஆள் நுழைய முடியாது. மழை, கொசு, கம்பியில் கொக்கி கட்டி உள்ளிருக்கும் கைப்பையை இழுக்கும் திருடன் ஆகிய மூன்றுக்கும் தடுப்பு வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஆறு மில்லிமீட்டர் ப்ளைவுட் போதும். பலகையில் ஜோடி ஜோடியாகத் துளை போட்டு, சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டப் பயன்படும் கட்டுக்கம்பியைக் கிரிலோடு சேர்த்து உள்பக்கம் முறுக்கிவிட்டால் சுவரில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம். வாடகை வீட்டில் இது பெரிய நிம்மதி. சுவரைத் துளைக்க உரிமையாளரின் சம்மதம் வாங்கும் வாக்குவாதம், உடைந்த ஜன்னலின் முன் நின்று நடத்த வேண்டியதில்லை.

கிரில் இல்லாத ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் குறைந்தது 12 மில்லிமீட்டர் கனம் தேவை. எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று சுமார் 25 கிலோ இருக்கும்; ஓர் ஆளால் தூக்கி நிறுத்திக்கொண்டே திருகாணி போட முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஈரம் தாங்கும் சென்ட்ரிங் ப்ளைவுட் இந்த வேலைக்கு ஏற்றது. அலமாரிக்குப் பயன்படும் மலிவான பார்ட்டிகிள் போர்டு ஒரே மழையில் உப்பிவிடும். பலகை திறப்பைவிட நான்கு புறமும் நான்கு அங்குலம் பெரிதாக இருந்து சுவரின் மேல் படிய வேண்டும். ஓர் அடிக்கு ஒரு திருகாணி. ஆணி அடித்த பலகையைக் கடப்பாரை ஒரே நெம்பில் பெயர்த்துவிடும். பிளக் போட்டு முடுக்கிய மூன்று அங்குலத் திருகாணி அப்படி வராது. துளையைச் சுவரின் விளிம்பிலேயே போட்டால் பூச்சு பெயரும். இரண்டு அங்குலமாவது தள்ளிப் போட வேண்டும். புதிய அடுக்குமாடிகளில் உள்ள எடை குறைந்த ஏ.ஏ.சி. கற்களில் சாதாரண பிளக் பிடிக்காது. அவற்றுக்கென்றே இருக்கும் நீண்ட நைலான் பிளக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

சுவரையும் ஜன்னல் சட்டத்தையும் துளைக்காமல் உறுதியாக அடைக்கும் முறை ஒன்று அமெரிக்காவில் கைவிடப்பட்ட வீடுகளை மூடுவதற்காகப் பரவலானது. வெளியே பலகை, உள்ளே சுவரின் இரு பக்கமும் ஓரடி நீளும்படி குறுக்காக இரண்டு மரச் சட்டங்கள், இரண்டையும் இணைக்க நீண்ட போல்ட்டுகள். போல்ட்டின் வட்டத் தலை வெளியே வழவழப்பாக இருப்பதால் ஸ்பேனர் பிடிக்க வழியில்லை. நட்டு உள்ளே இருக்கிறது. சுவரே இரண்டுக்கும் நடுவில் கவ்வப்படுகிறது. கிரில் இருந்தால் கம்பிகளின் இடைவெளி வழியே போல்ட்டை விடலாம். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் போல்ட்டும் நட்டும் கிடைக்காத தெருவே கிடையாது. இந்த முறை இங்கே ஏன் வழக்கத்துக்கு வரவில்லை என்பது வியப்பு.

கதவு உடைந்தால் பெரும்பாலும் பலகத்தைவிட நிலைதான் பிளக்கிறது, பூட்டின் நாக்கு நுழையும் இடத்தில். அங்கே புதுப் பூட்டு மட்டும் போட்டால் அடுத்த உதையில் மறுபடி பிளக்கும். பிளந்த இடத்தின் மேல் ஓரடி நீள இரும்புப் பட்டையை நீண்ட திருகாணிகளால் பதித்து, அதற்கு மேலும் கீழும் புதிதாகக் கொண்டி போட்டுப் பூட்டுவதே இரவைத் தாங்கும். ஷட்டர் நெம்பப்பட்டிருந்தால் வெல்டிங் பட்டறையைக் கூப்பிடுவது வழக்கம். வெல்டிங் பொறி துணிக்கடைக்குள்ளோ பெயின்ட் கடைக்குள்ளோ தெறித்தால் கல்லெறியில் தப்பித்த சரக்கு தீயில் போகும். சரக்கை நகர்த்தி, பக்கத்தில் தண்ணீரும் ஆளும் வைத்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும். மூன்றாம் மாடி, நான்காம் மாடிக் கண்ணாடி முகப்புகள் கடைக்காரரோ காவலாளியோ தொடக் கூடாதவை. கீழே நடைபாதையைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, உயரத்தில் வேலை செய்யப் பழகிய முகப்பு நிறுவனத்தாரை அழைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை இதில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஆட்கள் இருக்கும் கட்டடத்தில் வெளியேறும் வழியை அடைக்கவே கூடாது. குறைந்தது ஒரு கதவாவது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். மாடியில் குடும்பம் தூங்க, கீழே கடையைச் சுற்றிலும் பலகை அடித்து வெளியே பூட்டிவிட்டுப் போவது, தீப்பிடித்தால் உயிரை வாங்கும். கலவரக் காலத்தில், உள்ளே ஆள் இருப்பது தெரியக் கூடாது என்று வெளியிலிருந்து பூட்டச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனாலும் பின்பக்கம் ஒரு வழியை விட்டே ஆக வேண்டும்.

புயலுக்கு முன் கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். டேப் கண்ணாடியை உடையாமல் காப்பதில்லை; உடையும்போது பெரிய துண்டுகளாக விழச் செய்து ஆபத்தைக் கூட்டவும் கூடும். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்தபோது கண்ணாடி முகப்புகள் என்ன கதிக்கு ஆளாயின என்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கே உதவக்கூடியது முன்கூட்டியே அளவெடுத்து வைத்த பலகைதான்.

அளவெடுத்து வைத்த பலகை என்பது தமிழ்க் கடைத்தெருவுக்கு அந்நியமான யோசனை அல்ல. சுருள் ஷட்டர் வருவதற்கு முன், மளிகைக் கடையும் துணிக்கடையும் இரவில் மூடியது பலகையால்தான். மேலும் கீழும் பள்ளம் வெட்டிய சட்டம். அதில் ஒவ்வொன்றாகச் செருகும் பலகைகள். வரிசை மாறாதிருக்க ஒவ்வொன்றிலும் எண். கடைசிப் பலகைக்கு மட்டும் பூட்டு. கடைப் பையனின் முதல் வேலையும் கடைசி வேலையும் பலகை எடுத்து வைப்பதுதான். பழைய ஊர்களின் தேரடித் தெருக்களில் இன்னும் சில கடைகளில் இதைப் பார்க்கலாம். கண்ணாடி முகப்பு வைத்த கடைக்காரர், தன் திறப்புகளுக்குப் பொருந்தும் பலகைகளை இப்படி எண்ணிட்டு, துளை போட்டு, பரணில் வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு ஒரு கண்ணாடியின் விலையைத் தாண்டாது.

அடைத்த பிறகு பணம். 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசியையும், ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசியையும் தருகின்றன. தீ, புயல், வெள்ளத்தோடு கலவரமும் வேண்டுமென்றே செய்த சேதமும் இவற்றில் அடங்கும். பலர் கவனிக்காத ஒரு ஷரத்து இவற்றில் இருக்கிறது: காப்பீடு பெற்ற நிகழ்வின் விளைவாக, அது நடந்த ஏழு நாளுக்குள் ஏற்படும் திருட்டுக்கும் இழப்பீடு உண்டு. கண்ணாடி உடைந்து, அந்த வழியே மூன்றாம் நாள் சரக்கு திருடு போனால் கோரலாம். எட்டாம் நாள் போனால் இந்த ஷரத்து உதவாது. மேலும், சேதம் பெருகாமல் தடுக்க நியாயமான முயற்சி எடுப்பது பாலிசிதாரரின் கடமை. பலகையே அடிக்காமல் ஒரு வாரம் விட்டவரின் கோரிக்கையில், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேள்வி எழுப்புவார். பலகை, திருகாணி, கூலி ஆகியவற்றின் ரசீதும், அடைத்த பிறகு எடுத்த படமும் கோப்பில் இருக்க வேண்டும்.

வீட்டுப் பாலிசியில் இடிபாடுகளை அகற்றக் கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரை, பொறியாளர் முதலியோரின் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை எனத் தனித்தனியே எழுதிவைத்திருக்கிறார்கள். அவசர அடைப்புக்கும் அப்படி வெளிப்படையாக ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் பல லட்ச இழப்பு தவிர்வதால் நிறுவனங்களுக்கும் அது லாபமே.

காப்பீடே இல்லாதவருக்கு என்ன வழி? பொதுச் சொத்தும் தனியார் சொத்தும் அழிக்கப்படுவது பற்றித் தானே முன்வந்து எடுத்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் ஒரு நெறிமுறை வகுத்தது: பெருங்கலவரம் நடந்தால் உயர் நீதிமன்றம் இழப்பீட்டு ஆணையரை நியமித்துச் சேதத்தை மதிப்பிட்டு, காரணமானவர்களிடம் வசூலிக்கலாம். 2020 ஆகஸ்ட் 11 இரவு டி.ஜே. ஹள்ளி, கே.ஜி. ஹள்ளியில் நடந்த வன்முறைக்குப் பிறகு, கர்நாடக உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி எச்.எஸ். கெம்பண்ணாவை அப்படி நியமித்தது. வழி இருக்கிறது, நீண்ட வழி. பிரிட்டனில் கலவரச் சேதத்துக்குக் காவல் துறையின் நிதியிலிருந்தே இழப்பீடு தரும் சட்டம் 1886 முதல் உண்டு. 2011 லண்டன் கலவரங்களின் அனுபவத்துக்குப் பின், 2016இல் அதைப் புதுச் சட்டமாக்கினார்கள். ஒழுங்கைக் காக்கத் தவறிய அரசே முதலில் கொடுக்கட்டும் என்பது அதன் அடிப்படை. இந்தியாவிலும் அந்த வரிசையே நியாயம். குற்றவாளியைத் தேடிப் பிடித்து வசூலிக்கும் வேலை அரசுடையதாக இருக்கட்டும். கடை உடைந்தவரை அதற்காகக் காக்கவைக்கக் கூடாது.

பிரிட்டனில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் பலகையோடு வந்து அடைத்துவிட்டுப் போகும் நிறுவனங்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சாதாரணம். கடைக்காரரைத் தொடர்புகொள்ள முடியாதபோது காவல் துறையே அவர்களை அழைக்கிறது. பொம்மசந்திராவில் திறமைக்குப் பஞ்சமில்லை. ராஜஸ்தானிலிருந்து வந்த தச்சர்கள், ஓசூரிலிருந்து வரும் அலுமினியம் ஃபேப்ரிகேஷன் ஆட்கள், எந்தத் தெருவிலும் ஒரு வெல்டர். இல்லாதது ஏற்பாடு. நகராட்சியும் பொம்மசந்திரா தொழிலகச் சங்கமும் சேர்ந்து, ஐம்பது பலகையும் திருகாணிப் பெட்டிகளும் பேட்டரி டிரில்லும் ஒரு கிடங்கில் வைத்து, அழைத்தால் வரும் ஆட்களின் பட்டியலையும் நிர்ணயித்த கூலியையும் காவல் நிலையத்தில் ஒட்டிவைத்தால் போதும். ஊரடங்கு நாளில் அந்த ஆட்களுக்கும் வண்டிக்கும் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே தரப்பட வேண்டும். ஆம்புலன்ஸுக்கும் பாலுக்கும் தருகிறார்கள், பலகைக்கும் தரலாம்.

அடைப்பு நேர்த்தியாக இருப்பதும் அவசியம். உடைந்த ஒரு ஜன்னலைச் சரிசெய்யாமல் விட்டால், அந்த இடத்தைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை என்ற செய்தி பரவி மற்றவையும் உடையும் என்று ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982இல் எழுதினார்கள். அந்தக் கருத்தைக் காவல் துறைகள் ஏழைகள் மீதான கெடுபிடிக்குப் பயன்படுத்தியதும், அதன் மீது கடும் விமர்சனம் எழுந்ததும் தனிக் கதை. ஆனால், கிழிந்த தார்ப்பாய் படபடக்கும் கடையைவிட, சதுரமாக வெட்டி வண்ணம் பூசி, ‘கடை திறந்திருக்கிறது’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை உள்ள கடைக்கே வாடிக்கையாளர் வருவார் என்பதில் ஐயமில்லை.

பலகை அதிக நாள் நிற்கக் கூடாது. வெளிச்சமும் காற்றும் இல்லாத அறையில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் ஏறிய ப்ளைவுட்டுக்குக் கரையான் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் கண்ணாடி தாமதமாகும் என்று தெரிந்தால், கூரை போடும் கடைகளில் கிடைக்கும் கெட்டியான பாலிகார்பனேட் ஷீட்டை ஒன்றிரண்டு ஜன்னல்களுக்காவது மாற்றிவிடலாம்; ஒளியை விடும், சுத்தியலுக்கும் எளிதில் உடையாது. சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும்வரை உடைந்த சட்டங்களைத் தூக்கிப் போடக் கூடாது. புதுக் கண்ணாடி போடும்போது, சாலையை நோக்கிய பக்கத்துக்கு லாமினேட்டட் கண்ணாடியைக் கேட்பது நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் கல் பட்டாலும் வழி திறக்காது. பிறகு திருகாணிகளை எடுத்து, துளைகளைப் பட்டியால் அடைத்து, பலகைகளைக் காயவைத்து, எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு என்று பெயின்டில் எழுதி உள்ளே வைத்துவிடலாம்.